நாற்பத்தேழாம் பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நான் மருந்து எடுக்க உள்ளே போன நேரம் பார்த்து, ஆட்டத்தில் உன் அண்ணியின் பாத்திரத்தைக் கொன்றுவிட்டாய். அது தப்பு. அவள் கையாலேயே பகடையை உருட்ட வைத்துக் கொன்றாய். அது அதைவிடத் தப்பு. நலம் விசாரிப்பதெல்லாம் இதைச் சொன்ன பிறகுதான் என்று வைத்திருந்தேன்.

நான் நலம். அவளுக்கு நேற்று அரை டம்ளர் பால் உள்ளே போனது. இனி மாத்திரை மாற்றிப் பார்க்க ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். வலிக்கு மட்டும் ஒன்று கொடுத்திருக்கிறார், நான்கு மணிக்கு. ஆட்டத்தில் பாலம் முறிகிற கட்டம் என்பதற்காக நான்கு மணி காத்திருக்காது. அதனால்தான் எழுந்து போனேன்.

பதினோரு வருடமாக எங்கள் சாப்பாட்டு மேஜையில் நீ ஓர் உலகத்தைச் சொல்லிச் சொல்லி நடத்துகிறாய். நாங்கள் நான்கு பேர் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் அலைகிறோம். யார் எப்படி ஆடுவார் என்பது உனக்கு அத்துப்படி. பஸ் டிரைவருக்குக் கதவைக் கண்டால் உதைக்க வேண்டும். வாரம் முழுக்கப் பயணிகளிடம் அடக்கி வைத்த கோபத்தை ஞாயிற்றுக்கிழமை பூதங்களின் தலையில் இறக்குவான். தையல்காரருக்கு நடிப்பு. ஒரு முறை நாடிழந்த ராணியாக அரை மணி நேரம் அழுது, நிஜமாகவே மூக்கைச் சிந்தினார். உன் அண்ணி யாரையும் அடிக்க மாட்டாள். வாசலில் ஈட்டியோடு நிற்கிறவனிடம் போய்ப் பேர் கேட்பாள், சாப்பிட்டாயா என்பாள், அவன் ஈட்டியைச் சாய்த்து வைத்துவிட்டு வீட்டுக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பிப்பான். அவளுக்குப் பயந்தே நீ காவல்காரர்களுக்கெல்லாம் பேர் எழுதி எடுத்து வரத் தொடங்கினாய்.

நான் விதி பார்ப்பவன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன். ஆட்டத்தின் விதிகள் உள்ள அந்தத் தடி இங்கிலீஷ் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு இரண்டு வருடத்தில் தமிழில் ஒரு நோட்டில் எழுதி முடித்தேன். அப்போதிருந்து டிரைவர் என்னை வக்கீல் என்றுதான் கூப்பிடுகிறான். கூப்பிடட்டும். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காகக் கயிறு பார்த்தவன் நான். விதி எதற்கு இருக்கிறது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

விஷயத்துக்கு வருகிறேன். பாலம் முறிகிறது. மற்றவர்கள் கடந்தாயிற்று. உன் அண்ணி அடிபட்டுக் கிடந்த எதிரிக் காவல்காரனிடம் பேர் கேட்கப் பின்தங்கிவிட்டாள். இருபது முகப் பகடையில் பதினைந்து விழுந்தால் பிழைப்பாள் என்றாய். விழுந்தது பதினொன்று. உடனே நீ கதையை முடித்துவிட்டாய். அவள் இடுப்பில் கயிறு இருந்தது, அதற்கு இரண்டு கூட்ட வேண்டும். மறுமுனையை ஒருவர் பிடித்திருந்தால் இன்னும் இரண்டு. நாற்பத்தேழாம் பக்கம். பிடித்திருந்தது நான். எழுந்து போகும் முன் சொல்லிவிட்டுத்தான் போனேன், தையல்காரர் சாட்சி. ஆடுபவர் மேஜையில் இல்லாவிட்டாலும் அவர் கடைசியாகச் சொன்னது நிற்கும். அதே பக்கம், கீழே. பதினொன்றும் நான்கும் பதினைந்து. அவள் விழவில்லை.

நான் தண்ணீரோடு திரும்பி வந்தபோது டிரைவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தான். அவள் முகம் மட்டும் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

புதன்கிழமை தையல்காரர் வந்தார். அவளுடைய உடைகளை மூன்றாவது தடவையாகப் பிடித்துத் தைக்க அளவெடுத்தார். போகும்போது வாசலில் நின்று உண்மையைச் சொல்லிவிட்டார். முந்தின வாரமே அவள் உனக்குப் போன் செய்திருக்கிறாள். “பகடைய என் கையில பிடிக்க முடியறப்பவே முடிச்சிடு தம்பி. எனக்காக வேற யாரும் உருட்ட வேணாம். அண்ணன்கிட்ட சொல்லிடாத, பக்கத்தை எடுத்துக் காட்டுவாரு” என்றாளாம்.

எடுத்துக் காட்டத்தான் செய்வேன். அவளிடமும் காட்டினேன். நோட்டைப் பார்க்கக்கூட இல்லை. “அந்தக் கயித்தை எவ்வளவு நாள்தான் பிடிச்சுக்கிட்டு நிப்பீங்க? கை அறுந்துடும். விடுங்க” என்றாள். பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஒருவர் தானாகவே தன் பாத்திரத்தை முடித்துக்கொள்ள விரும்பினால் என்ன செய்வது என்று புத்தகம் முழுவதும் தேடினேன். இருக்கிறது. அறுபத்திரண்டாம் பக்கம். மற்றவர் யாரும் தடுக்கக் கூடாதாம். நோட்டில் நான் எழுதாமல் விட்டது அந்த ஒரு விதியைத்தான். இனியும் எழுதப்போவதில்லை.

நடக்க வேண்டியது இது. நீ ரயிலேறி வந்து அந்தப் பாலத்தை மறுபடி கட்டி நிறுத்த வேண்டும். டிரைவர் அன்றைக்கு டியூட்டியை மாற்றிக்கொண்டு வந்து கட்டிலை மேஜைக்குப் பக்கத்தில் நகர்த்தித் தர வேண்டும், என்னால் தனியாக முடியவில்லை. தையல்காரர் அந்தக் காவல்காரனாகப் பேச வேண்டும். அவள் கேட்டதற்கு அவன் இன்னும் பதில் சொல்லவில்லை, அவனுக்கு ஒரு பேர் யோசித்துக்கொண்டு வா. உன் அண்ணி உருட்ட வேண்டும். விரல் மடங்காவிட்டால் உள்ளங்கையில் பகடையை வைத்து, அந்தக் கையை நான் கவிழ்க்கிறேன், அப்போதும் உருட்டியது அவள்தான். மாத்திரையை மூன்றரைக்கே கொடுத்துவிடுவேன். இந்தத் தடவை நான் எழுந்து போக மாட்டேன். எத்தனை விழுந்தாலும் கயிற்றைப் பிடித்திருப்பது நான்.

நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருக்க வேண்டும். வரும் ஞாயிற்றுக்கிழமை வா. அதற்கடுத்த ஞாயிறு வருகிறேன் என்று மட்டும் பதில் எழுதாதே.

இப்படிக்கு,
உன் அண்ணன்