நைட்டி ஓரத்து மஞ்சள்

என்மேல் கோபம் ஆறாமலே போய்விட்ட அம்சா அண்ணிக்கு,

நல்லா இருக்கீங்களா என்று கேட்க வாய் வரவில்லை. நீங்கள் போய் மூன்று மாதம் ஆகிறது. நம் கடையைப் பற்றி ஒரு சேதி சொல்ல வேண்டும். கேட்டால் திட்டுவீர்கள். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நம் சண்டை நினைவிருக்கிறதா? அந்த மாதம் ஆன்லைன் கடைக்கு ஆர்டரே வரவில்லை. முன்பெல்லாம் யாராவது பாக்கெட் வைத்த பருத்தி நைட்டி என்று நெட்டில் தேடினால், படத்தோடு வருகிற வரிசையில் நம்முடையதும் ஒன்றிரண்டு நிற்கும். திடீரென்று ஒன்றையும் காணோம். நம்மிடம் தைக்கிற மல்லிகா தினமும் சிங்கவரத்திலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, தையல் மிஷினைத் துடைத்து வைத்துவிட்டு, "இன்னாக்கா, இன்னிக்கும் வேல இல்லியா?" என்று கேட்டுவிட்டுப் போவாள்.

அந்த வாரம்தான் வடக்கே எங்கேயோ இருந்து ஒரு பெண் நைட்டியைத் திருப்பி அனுப்பினாள். ஓரத்தில் கறை, யாரோ உடுத்திய துணி என்று எழுதியிருந்தாள். கறையா அது? புதுத்துணியை மஞ்சள் வைக்காமல் அனுப்பக் கூடாது என்று ஒவ்வொரு நைட்டியின் ஓரத்திலும் நீங்கள் விரலால் தொட்டு வைத்தது. போட்டோ எடுக்கும்போதுகூட அந்த ஓரத்தைத்தான் முன்னால் இழுத்துவிடுவீர்கள்.

"உங்க மஞ்சளாலதான் அண்ணி கடை அடியில போயிடுச்சு. படத்துலயே கறை தெரிஞ்சா எவ வாங்குவா?" என்று கத்தினேன். மல்லிகா இருக்கும்போதே கத்தினேன்.

"போட்டுக்கப் போறவ நல்லா இருக்கணும்னு வெக்கிறன் செல்வி. அது தப்புன்னா நீயே பாத்துக்கோ." கத்தரிக்கோலை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து போனீர்கள்.

நாலு நாள் நாம் பேசிக்கொள்ளவில்லை. ஐந்தாம் நாள் காலையில் நெஞ்சு எரியுது, கேஸ்தான் என்று சோடா கேட்டீர்கள், அதுவும் என்னிடம் கேட்கவில்லை, அண்ணனிடம். அண்ணன் சோடாவோடு திரும்பி வந்தபோது நீங்கள் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் நான் என்ன செய்தேன் தெரியுமா? கையிருப்பில் இருந்த அத்தனை நைட்டியின் ஓரத்தையும் சோப்பு போட்டுக் கசக்கினேன். சோப்பு பட்டதும் மஞ்சள் ரத்தம்போலச் சிவந்தது. கூட இருந்த மல்லிகா கையை எடுத்துக்கொண்டாள். "அக்கா, வேணாங்க்கா. அண்ணி கை வெச்சதுக்கா இது" என்றாள். "வேலையப் பாரு" என்று எரிந்து விழுந்தேன். மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டதும் சுத்தமாக மறைந்துவிட்டது. பின்னால் கோட்டை மலை தெரியாமல் வெள்ளைப் போர்வை கட்டிப் புதுப் படம் எடுத்தேன். தலைப்பில் நிறம், அளவு, துணி எல்லாம் விவரமாக எழுதினேன். அப்போதும் வரிசையில் நம் கடை வரவில்லை. "மிஷின குடுத்துடலாமா செல்வி?" என்று அண்ணனே கேட்டுவிட்டார்.

பத்து நாளைக்கு முன்னால் திண்டிவனம் டீச்சரம்மா போன் செய்தார், நம்மிடம் வழக்கமாக வாங்குகிறவர். "இன்னாம்மா, கடைய மூடிட்டீங்களா? தேடினா உங்க துணி ஒண்ணுகூட வர்லியே. என் பொண்ணு முழுகாம இருக்கறா. அந்த மஞ்சள் வெச்ச நைட்டிதான் வேணுங்கறா."

அதற்கப்புறம்தான் தேடுபொறிக்கு நாம் தனியாக அனுப்பும் சரக்குப் பட்டியலைத் திறந்தேன். உங்களுக்குக் கம்ப்யூட்டர் தெரியாது, அது என் வேலை. ஆர்டர் நின்றுபோவதற்கு முன்னால், வல்லத்தில் மாமியார் வீட்டு நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கப் பத்து நாள் போயிருந்தேனே, அப்போது பார்சல் அனுப்ப ஆளிருக்காது என்று எல்லாத் துணிக்கும் 'இருப்பில் இல்லை' என்று போட்டிருந்தேன். திரும்பி வந்து நம் கடையின் இணையப் பக்கத்தில் மாற்றினேன். பட்டியலில் மாற்ற மறந்துவிட்டேன். இல்லாத சரக்கை எவன் காட்டுவான்?

உங்கள் மஞ்சள் ஒரு பாவமும் செய்யவில்லை அண்ணி. பாவி நான்தான். இதை யாரிடம் சொல்லி, யார் காலில் விழுவது?

பட்டியலைத் திருத்தினேன். நாலாம் நாள் நம் நைட்டி மறுபடி வரிசையில் நின்றது. மல்லிகா கைதட்டினாள். நான் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். படத்தில் ஓரம் வெறுமனே இருந்தது.

இப்போது துணி விவரத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "ஓரத்தில் உள்ள மஞ்சள் கறை அல்ல, உடுத்துபவர் நன்றாக இருக்கட்டும் என்று வைத்தது." மல்லிகாதான் வைக்கிறாள். எனக்குக் கை வரவில்லை.

பீரோ அடியில் ஒன்றே ஒன்று என் சோப்புக்குத் தப்பியிருந்தது. ஊதாப்பூ போட்டது. ஓரத்தில் உங்கள் விரல் அளவுக்கு மஞ்சள். டீச்சரம்மா மகளுக்கென்று மூன்று முறை பார்சல் கட்டி, மூன்று முறையும் பிரித்துவிட்டேன். இதையும் கொடுத்துவிட்டு நான் எதை வைத்துக்கொள்வது?

ஆனால் போட்டுக்கப் போறவ நல்லா இருக்கணும் என்றுதானே நீங்கள் வைத்தீர்கள்? நாளைக்கு பஸ் ஸ்டாண்டு கூரியரில் நானே போட்டுவிடுகிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த நைட்டிக்கு நேரே 'இருப்பில் இல்லை' என்று எழுதுவேன். கடையின் இணையப் பக்கத்திலும் எழுதுவேன், பட்டியலிலும் எழுதுவேன். இந்த முறை மறக்க மாட்டேன் அண்ணி.

சண்டையைப் பாதியில் விட்டுவிட்டு நிற்கும்
உங்கள் நாத்தனார்
செல்வி