சங்கையாவுக்கு அடுத்த ஆள்

1974 ஜனவரி 6, ஞாயிறு

காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. ஆஸ்பத்திரியில் இருமல்காரர்கள் கூட்டம். மருந்தை வாங்கிக்கொண்டு லயத்து வீட்டுக்குப் போக வேண்டியதுதானே? போகவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து மறுபடியும் அதே சண்டை. எஸ்டேட் புட்பால் டீமுக்கு இரண்டாவது கோல்கீப்பர் யார்?

போன வருஷம் வரை மொக்கையன் இருந்தான். தீபாவளிக்குப் போடிக்குப் போனவன் மாமனார் கடையிலேயே தங்கிவிட்டான். இப்போது அந்த இடத்துக்கு இரண்டு பேர். ஒருவன் மேல் டிவிஷன் சோலை. சின்ன வயசு, லயத்து வாசலில் குனிந்துதான் நுழைய முடியும், அவ்வளவு உயரம். பந்து வந்தால் அந்தரத்தில் பறப்பான். இன்னொருவர் கந்தப்பன். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பம். போன வருஷம்தான் இங்கே பேர் பதிந்தார்கள். ஆள் குட்டை, பேச்சும் குறைவு.

வார்டில் வேலை பார்க்கும் பிச்சைமணி சோலை கட்சி. "சோலை பாஞ்சான்னா மைதானமே எந்திரிச்சு நிக்கும்லா? சிலோன்காரனுக்கு நம்ம பனியனைக் குடுத்தா நம்ம பயலுவ எங்க போவானுவ?"

ஆயா செபமாலையம்மாள் விளக்குமாற்றோடு வந்துவிட்டாள். "நீ எங்கருந்துலே வந்த? ஒங்கப்பன் கம்பத்துலருந்து மூட்டையத் தூக்கிட்டு மலையேறி வந்தவன்தான? கந்தப்பன் நின்னா பந்து நேரா அவன் நெஞ்சுல வந்து விழும். அவனுக்குப் பறக்க வேண்டிய சோலியே இல்ல."

எனக்குச் சிரிப்பு. முதல் கோல்கீப்பர் சங்கையா இருக்கும்வரை இரண்டாவது ஆள் மைதான ஓரத்தில் போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்காரப் போகிறான். நான் இந்த எஸ்டேட்டுக்கு நர்ஸாக வந்த நாளிலிருந்து சங்கையா ஒரு ஆட்டத்தைக்கூட விட்டதில்லை. சும்மா உட்காருகிற இடத்துக்கு இத்தனை அமளி.

சங்கையாவின் பேர் வரும் இடத்தில் நான் வாயைத் திறப்பதில்லை.

ஜனவரி 13

2–0. ஜெயித்தோம். ஆட்டம் முடிந்து வழக்கம்போல விரலுக்குக் கட்டுப் போட்டுக்கொள்ளச் சங்கையா வந்தார். வலது கை மோதிரவிரல் மறுபடி வீங்கியிருக்கிறது.

"வலிக்குதா?"

"இல்ல சிஸ்டர்."

எப்போதும் இல்லைதான். ஃபேக்டரியில் ரோலர் மெஷினில் நிற்கிற கை, எத்தனை சோப்புப் போட்டாலும் பச்சை இலை வாசம் போகாது. ஒரு பிளாஸ்திரி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்? செபமாலையம்மாள் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்க்கட்டும்.

ஜனவரி 16

அண்ணன் எழுதியிருக்கிறான். நாசரேத்தில் ஒரு வாத்தியார், மனைவியை இழந்தவர். ஈஸ்டருக்கு ஊருக்கு வந்தால் பார்த்துவிடலாமாம். ‘ஞானஜோதி, முப்பத்திரண்டு வயதில் இதற்கு மேல் என்ன எதிர்பார்க்கிறாய்?’

பதில் எழுதவில்லை.

ஜனவரி 20, ஞாயிறு

1–0. ஜெயித்தது நாங்கள்தான். ஆனாலும் எழுத மனசில்லை.

இரண்டாம் பாதியில் மூடுபனி இறங்கிவிட்டது. பெண்கள் உட்காரும் மேட்டிலிருந்து பார்த்தால் கோல் கம்பமும் இல்லை, அவரும் இல்லை. மஞ்சள் பனியன் மட்டும் தெரிந்து தெரிந்து மறைந்தது. அப்போது ஒரு சத்தம். பனி விலகியபோது முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தார். பக்கத்தில் வந்து அடித்த பந்து, கண்ணிலேயே பட்டிருக்கிறது. பிறகு நிமிர்ந்து கையை ஆட்டினார். மைதானமே கத்தியது.

ஜனவரி 24

சாயங்காலம் எல்லாரும் போன பிறகு வந்தார். விரலுக்காக இல்லை.

"சிஸ்டர், இடது கண்ணுல ஓரமா கறுப்புத் துணி தொங்குற மாதிரி இருக்கு. கழுவிப் பாத்தேன். போகல."

நாற்காலியில் உட்காரவைத்து வலது கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். என் கையை ஓரத்திலிருந்து மெல்ல நடுவுக்குக் கொண்டுவந்தேன். "தெரியுதா?" "இல்ல." "இப்ப?" "இல்ல சிஸ்டர்." ஏறக்குறைய மூக்குக்கு நேரே வரும்வரை என் கை அவருக்குத் தெரியவில்லை. அடிக்கடி மின்னல் வெட்டுகிறதாம். கொசு பறப்பது போலப் புள்ளிகளாம்.

படிக்கும்போது கண் வார்டில் இதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்குள் பின்பக்கம் ஒட்டியிருக்கும் ரெட்டினா என்ற படலம் உரிந்து வருகிறது. முழுக்க உரிந்துவிட்டால் அந்தக் கண் அவ்வளவுதான். உடனே மதுரைக்குப் போய் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும் என்றேன்.

"ஷீல்டு முடியட்டும் சிஸ்டர். மார்ச் மூணாந்தேதி பைனல். மறுநாளே போயிருதேன்."

"அது வரைக்கும் கண்ணு காத்துக்கிட்டு இருக்காது."

"யார்ட்டயும் சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்றேன். ஏன் சொன்னேன்? அடி பைத்தியக்காரி, ஏன் சொன்ன?

ஜனவரி 25

வராந்தாவில் சோலையா, கந்தப்பனா. உள்ளே ஊசிகளைக் கொதிக்கப் போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். இன்று சிரிப்பு வரவில்லை.

ஜனவரி 29, செவ்வாய்

டாக்டர் வாரம் ஒருநாள்தான் வருகிறார். ஊரில் ஒரு சொந்தக்காரருக்கு என்று சொல்லிக் கேட்டேன். "இன்னும் ஊர்லயா வச்சிருக்கீங்க? முதல்ல பஸ் ஏத்தி விடும்மா" என்றார்.

ஃபேக்டரி ஷிப்ட் விடும் நேரத்தில் பாதையில் போய் நின்றேன். நானே போய் நின்றேன். யார் யார் பார்த்தார்களோ. டாக்டர் சொன்னதைச் சொன்னேன்.

"யாரை நம்பி விட்டுட்டுப் போக?" என்றார். "சோலை நல்ல பையன்தான். ஆனா பந்து வாரதுக்கு முந்தியே கோலை விட்டு ஓடியாந்துருவான். கந்தப்பன் நின்னா எனக்குக் கவலை இல்ல. அவரை நிப்பாட்டினா மேல் டிவிஷன்காரன் ஒருத்தன்கூட விளையாட வரமாட்டான். டீமே உடைஞ்சிரும்."

"ரெண்டாவது ஆளு யாருன்னு சண்டையில்லாம முடிவானா போவீங்களா?"

"போவேன்."

வரும் வழியெல்லாம் அழுகை. அவரை இங்கிருந்து அனுப்ப நானே வேலை பார்க்கணும். ஞாயித்துக்கிழமை அந்த மேட்டுல உக்காந்து பாக்க எனக்கு வேற என்ன இருக்கு? ஆண்டவரே, வேற என்ன இருக்கு?

ஜனவரி 31

இன்று வராந்தாவுக்குப் போய்ச் சொன்னேன்: "ரெண்டு பேரையும் கோல்ல நிப்பாட்டி, எல்லாரும் பாக்க அடிச்சுப் பாத்துட்டா என்ன?"

பிச்சைமணி வாயைப் பிளந்தான். "சிஸ்டருக்கு புட்பால் தெரியுமா?"

"ஞாயித்துக்கிழமை மேட்டுல உக்காந்து நான் என்ன கொழுந்தா எடுக்கேன்?"

செபமாலையம்மாள் சிரித்த சிரிப்பில் காய்ச்சல்காரர்களும் சிரித்துவிட்டார்கள்.

டீம் பொறுப்பு, ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் வர்க்கீஸ் சாரிடம். மத்தியானம் அவரிடமும் போனேன். "சங்கையா உண்டல்லோ சிஸ்டரே, பின்னே எந்தினா இத்ர திரக்கு?" என்றார். என்ன அவசரம் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? "இதுல அடிச்சிக்கிட்டு எல்லாரும் என்கிட்டதான் கட்டுப் போட வாராங்க சார்" என்றேன். சிரித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்றார்.

பிப்ரவரி 3, ஞாயிறு

இரண்டு பேரையும் நிறுத்திப் பார்த்தார்கள். சோலை பறந்தான், உருண்டான், ஒற்றைக் கையால் தட்டிவிட்டான். ஒவ்வொன்றுக்கும் விசில். கந்தப்பன் இரண்டு எட்டு நகர்ந்து பந்தை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டார். கைதட்டியது செபமாலையம்மாள் மட்டும்.

கந்தப்பன் விட்ட கோல்தான் குறைவு. இதோடு முடிந்தது என்று நினைத்தேன். எங்கே முடிந்தது? "கணக்கு சரிதான். ஆனா அழகு யாருது?" என்கிறான் பிச்சைமணி. அழகாம்!

கடைசியில் விளையாட்டுக்குச் சங்கையாவையும் நிற்கச் சொன்னார்கள். யாரோ இடப்பக்கமாக மெதுவாக உருட்டிவிட்ட பந்து. அவர் திரும்பவே இல்லை. உருண்டு உள்ளே போய்விட்டது. வேண்டுமென்றே விட்டார் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என்னால் பார்க்க முடியவில்லை.

கோலுக்குப் பின்னால் பந்தை எடுக்கப் போன கந்தப்பன் மட்டும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 4

கந்தப்பன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தா காலியாகும்வரை காத்திருந்து உள்ளே வந்தார்.

"சிஸ்டர், அவருக்கு இடப்பக்கம் பார்வை இல்ல தானே?"

நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

"நீங்க சொல்ல வேணாம். நான் பின்னுக்கு நின்னு பாத்தேன்."

இதை நேற்றே நாலு பேரிடம் சொல்லியிருந்தால் வர்க்கீஸ் சார் வேறு வழியில்லாமல் இவரைத்தான் நிறுத்தியிருப்பார். சொல்லவில்லை.

"சோலையையே போடச் சொல்லுங்க. சனம் ஒத்துக்கும். சண்டை முடிஞ்சிடும். இவரு சுருக்கா போகலாம்."

"அப்ப நீங்க?"

"நான் கோலுக்குப் பின்னுக்கு நிக்கிறேன். வெளிய ஓடாத, நில்லுன்னு சோலைக்குச் சத்தம் போட ஒரு ஆள் வேணும் தானே? அதுக்குப் பனியன் தேவையில்ல." பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "அங்க பொறந்து வளந்த ஊரிலேயே எங்களை வேணாம்னாங்க. இங்கயும் என்னால ஒரு சண்டை வேணாம் சிஸ்டர்."

சங்கையாவுக்கு ஆள் அனுப்பினேன். வந்தார். கேட்டார். கந்தப்பனின் கையைப் பிடித்தவர் விடவேயில்லை. நான் மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தேன். அது ஏற்கெனவே அடுக்கித்தான் இருந்தது.

பிப்ரவரி 6

காலை பஸ். வர்க்கீஸ் சாரிடம் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். இப்போது எல்லாருக்கும் தெரியும். பாதி எஸ்டேட் பஸ் நிற்கும் இடத்தில் நின்றது. சோலை அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான், முகம் வெளுத்துப்போய். அவருடைய அம்மா மூக்கம்மாளும் கூடப் போகிறாள்.

ஏறும்போது என்னிடம் திரும்பினார். "ஆட்டமெல்லாம் எப்படிப் போச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

எவ்வளவோ சொல்ல நினைத்து வைத்திருந்தேன். "கண்ணைக் கசக்காதீங்க" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பிப்ரவரி 24

செமி பைனல், 1–0. சோலை ஒரே ஒரு தடவை ஓடி வந்தான். "நில்லுடா!" என்று பின்னாலிருந்து கந்தப்பன் போட்ட சத்தத்தில் எதிர் டீம்காரனே நின்றுவிட்டான். ஆட்டம் முடிந்ததும் பிச்சைமணி அவரைத் தோளில் கை போட்டுக் கூட்டிக்கொண்டு போனான். இப்போதெல்லாம் ‘கந்தப்பண்ணன்’தான்.

மதுரையிலிருந்து ஒரு சேதியும் இல்லை.

மார்ச் 3

1–2. பைனல் போய்விட்டது. கடைசிக் கோலை யார் நின்றிருந்தாலும் பிடித்திருக்க முடியாது. சோலை தரையில் உட்கார்ந்து அழுதான். கந்தப்பன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

எல்லாவற்றையும் அவருக்குச் சொல்வதற்காகவே பார்த்தேன். யார் எங்கே நின்றார்கள், காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றுகூட. சொல்லத்தான் ஆள் இல்லை.

மார்ச் 19

மூக்கம்மாள் மட்டும் திரும்பி வந்தாள். ஆபரேஷன் ஆகிவிட்டதாம். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து ஆட்டாமல் அசைக்காமல் படுக்கப் போட்டிருந்தார்களாம்.

"எடது கண்ணு வரலம்மா. வெளிச்சம் மட்டும் தெரியுதாம். வலது கண்ணுலயும் ஒரு எடம் மெலிஞ்சு கெடந்துச்சாம். அதை அடைச்சி விட்டுட்டாங்க. இன்னும் சொணங்கி வந்திருந்தா அதுவும் போயிருக்கும்னு பெரிய டாக்டரு சொன்னாரு. நீதான் தாயி தள்ளி விட்ட." என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

அவர் மதுரையில் தங்கச்சி வீட்டில் இருக்கிறாராம். எப்போது வருவார் என்று கேட்க நாக்கு எழவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஏப்ரல் 14, ஈஸ்டர்

ஊருக்குப் போகவில்லை.

ஜூன் 11

மழை. மழை. மழை. பிச்சைமணி சொன்னான், சங்கையா நேற்று வந்துவிட்டாராம். ரோலர் மெஷினில் விட மாட்டார்களாம், பேக்கிங்கில் போட்டிருக்கிறார்களாம்.

ஜூன் 30

ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. எதற்கு வர வேண்டும்? கட்டுப் போட இனி அந்த விரல்களில் என்ன இருக்கிறது?

ஜூலை 22

ஃபேக்டரிப் பாதையில் எதிரே வந்தார். தலையில் மழைக்குப் போர்த்திய கொங்காணி, கறுப்புக் கண்ணாடி. நான் அவருக்கு இடப்பக்கம் ஒதுங்கி நின்றேன். கை நீட்டினால் தொடும் தூரம். என்னைத் தாண்டிப் போய்விட்டார்.

கூப்பிட்டிருக்கலாம். என்னவென்று கூப்பிடுவேன்?

செப்டம்பர் 8

அண்ணன் மறுபடி எழுதியிருக்கிறான். வாத்தியார் வேறு இடத்தில் முடித்துக்கொண்டாராம். படித்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அக்டோபர் 6, ஞாயிறு

மழை விட்டபின் முதல் ஆட்டம். மேட்டில் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன், என் வலப்பக்கம் செபமாலையம்மாள். ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள். திரும்பினால் சங்கையா நிற்கிறார். அந்த மேட்டுக்கு ஆண்கள் யாரும் வருவதில்லை.

செபமாலையம்மாள் நகர்ந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் இடம் விட்டாள். அவர் அங்கே உட்காரவில்லை. என் பின்னால் சுற்றி வந்து இடப்பக்கம் ஈரப்புல்லில் உட்கார்ந்தார்.

"அங்க காஞ்ச இடம் இருக்கே" என்றேன்.

"அங்க உக்காந்தா நீங்க தெரிய மாட்டீங்க."

மேடு முழுவதும் எங்களையே பார்த்தது. நான் எழுந்து போகவில்லை. போன பைனலைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். முழுசும் சொன்னேன்.

இன்றைய ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று நாளைக்குப் பிச்சைமணியிடம்தான் கேட்க வேண்டும்.