சேகர் நம்பர்ல உமா பேசறா

என் உயிர் மச்சான் சேகருக்கு,

சிதம்பரத்துலேர்ந்து கோபால் எழுதறேன். நல்லா இருக்கியான்னு கேக்க வாய் வருது, உன்கிட்ட அத எப்படிக் கேக்கறது? ஆனா இந்தச் சேதியச் சொல்லாம இருக்க முடியல. உன் மாவு மில்லு தொறந்தாச்சுடா. என் தங்கச்சி, உன் பொண்டாட்டி உமா, தொறந்துட்டா.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு நாங்க மூச்சு விடறதுக்குள்ள அடைமழை. செம்மண்டலத்துல உன் தெருவே குளமாயிடுச்சு. மில்லுக்குள்ள தண்ணி ஏறி மோட்டாரு போச்சு, பின்பக்கச் செவுரும் சாஞ்சிடுச்சு. எல்லாம் சரி பண்ணிப் பங்குனியிலதான் தொறக்க முடியும்னு ஆயிடுச்சு. வருஷத்து மிளகாத்தூள அரைக்க ஒரு தடவ வேற மில்லுக்குப் போனவங்க திரும்பி வருவாங்களா? எனக்கு அந்தக் கவலை.

உமாவுக்கு அதுக்கும் மேல. எங்க பெரியப்பா வூட்டுக்காரங்க அவ காதுபடவே சொன்னாங்க: "புருஷன இழந்தவ கையால நல்ல காரியத்துக்கு யாரு அரைக்கக் குடுப்பா? மில்ல வித்துடு." அழுவான்னு பாத்தேன். அழுவல. "கஸ்டமருங்க சொல்லட்டும்ணே, அப்ப விக்கறேன்"னுட்டா.

கஸ்டமருங்க நம்பரெல்லாம் உன் செல்லுலதான இருக்கு? நான் செல்போன் கடை வச்சிருக்கறவன், எனக்குத் தெரியாத வாட்ஸ்அப்பான்னு, எல்லாருக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிட்டேன்: "மில் தற்காலிகமாக மூடியுள்ளது. சீக்கிரமே உங்கள் எல்லாரையும் நேரில் சந்திக்கிறேன்." உன் நம்பர்லேர்ந்து. உன் சிரிச்ச மூஞ்சி போட்டோவோட! தெருவே அலறிடுச்சுடா. கம்மாபுரத்துலேர்ந்து மூட்டையோட வருவாரே வேலாயுதம் மாமா, அவரு போன் பண்ணி, "யப்பா, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, சேகர மெதுவாவே வரச் சொல்லு"ன்னாரு. நீ இருந்திருந்தா வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்ப. உமாவும் சிரிச்சா. நீ போனதுக்கப்புறம் அவ சிரிச்சு அன்னைக்குத்தான் பாத்தேன். சிரிச்சிட்டு, செல்ல என்கிட்டேர்ந்து புடுங்கிக்கிட்டா.

அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமையானா அவளே வாட்ஸ்அப்புல பேசி அனுப்புவா. "சேகரோட வூட்டுக்காரி உமா பேசறேன்"னு ஆரம்பிப்பா. மோட்டாருக்குக் காயில் கட்டக் குடுத்திருக்கு, செவுரு எழும்புது, இந்த வாரம் மப்பா இருக்கு, மிளகாய மாடியில போடாதீங்க, பூசணம் புடிச்சிடும். இப்படித்தான் பேசுவா. ஒரு வாரம் என்ன சொன்னா தெரியுமா? "கோதுமை அரைக்கணும்னா சிப்காட் பக்கம் ஒரு மில்லு இருக்கு, அங்க போங்க. முன்னாடி மிளகா அரைச்சாங்களான்னு மட்டும் கேட்டுட்டுக் கொட்டுங்க. இல்லன்னா சப்பாத்தி காரமாயிடும்."

எனக்கு வந்துச்சு பாரு கோவம். "கஸ்டமர நீயே புடிச்சு அடுத்தவனுக்குக் குடுக்கறியே, அறிவிருக்கா உனக்கு?"ன்னு கத்தினேன்.

"மில்லு மூடியிருக்குன்னு அவுங்க வாயையும் மூடிக்கிட்டா இருப்பாங்க? போயிட்டு வரட்டும்ணே"ங்கறா. எல்லாம் நீ குடுத்த செல்லம்.

ஆனா பாரு மச்சான், ஜனங்க பதில் போட ஆரம்பிச்சாங்க. மாடியில காயற மிளகாயப் போட்டோ புடிச்சு, "இது போதுமா பாரும்மா"ன்னு கேட்டாங்க. "போட்டோவுல தெரியாதுக்கா, ஒடிச்சா சத்தம் கேக்கணும். செல்லுகிட்ட வச்சு ஒடிச்சு அனுப்புங்க"ன்னு இவ. செல்லு பூரா மிளகா ஒடியற சத்தம்டா! கேட்டியா இந்தக் கூத்த? இவளும் ஒக்காந்து ஒவ்வொண்ணா கேட்டு, "ஒங்களுது ஆச்சு, ஒங்களுதுக்கு இன்னும் ஒரு வெயில் வேணும்"னு பதில் சொல்லுவா. ஆனதெல்லாம் டப்பாவுல போட்டு மூடிட்டு, "நீ தொறக்கற வரைக்கும் இருக்கட்டும்"னாங்க.

பங்குனியில தொறந்தோம். விடிஞ்சும் விடியாம வாசல்ல தூக்கும் பையும் டப்பாவுமா வரிசை. நான் சுவிட்சுகிட்ட போய் நின்னேன், உமா ஓரமா ஒதுங்கிட்டா. எவ்வளவு தைரியம் பேசினாலும் பெரியப்பா வூட்டுப் பேச்சு உள்ள குத்திக்கிட்டுதான இருக்கும்? அப்ப ஒரு அம்மா மஞ்சக் கெழங்குப் பையோட முன்னாடி வந்தாங்க. பொண்ணுக்குக் கல்யாணமாம், நலங்குக்கு அரைக்கணுமாம். நான் பைய வாங்கக் கைய நீட்டினேன். குடுக்கல.

"நீங்க யாரு தம்பி? வாரா வாரம் பேசினது இந்தப் பொண்ணுதான?"ன்னு என்னத் தாண்டிப் போய் உமா கையில பைய வச்சாங்க. "நீயே சுவிட்சப் போட்டு உன் கையாலயே கொட்டும்மா. எம் பொண்ணு நல்லா இருப்பா."

உமா முந்தானைய இழுத்துச் சொருகிக்கிட்டு வந்தா. சுவிட்சப் போட்டுக் கொட்டினா. மஞ்ச வாசன தெருமுனை வரைக்கும் போச்சு. எனக்குக் கண்ணுல தண்ணி. மிளகா நெடின்னு சொல்லித் தப்பிக்கலாம்னா இன்னும் மிளகாயே அரைக்கல! அவ்வளவு பெருமையா இருந்துச்சுடா. நீ பாத்தியா மச்சான்? எங்கேர்ந்தாவது பாத்தியா?

அடுத்த வாரம் பலகைக்குப் பெயிண்ட் அடிக்க ஆளு வர்றாரு. பழசே இருக்கட்டும்னு உமா சொல்றா. நான் கேக்கப் போறதில்ல. உன் பேரு மேல இருக்கும். கீழ "உரிமையாளர்: உமா"ன்னு, எங்க பெரியப்பா வூட்டுக்காரங்க பஸ்ஸுல போனாலும் படிக்கற மாதிரி, கொட்ட எழுத்துல எழுத வைக்கிறேன். இது உன் மேல சத்தியம்.

உமாவுக்கு அண்ணன்,
என்னைக்கும் உனக்கு மச்சான்,
கோபால்