திரை போட்ட கட்டில்

பிப். 9, திங்கள்

காலையிலேயே வெயில் கொளுத்துகிறது. பம்பாய், மாட்டுங்கா ஹாஸ்டல். பெண்களுக்கான பொது அறை, கீழ்க் கட்டில். ஒரு திரை, ஒரு குட்டி விளக்கு, சார்ஜர் நிற்காத பிளக். மேல் கட்டில்காரி ஈரத் துண்டை என் திரைமேல் போடுகிறாள். சொன்னால் இந்தியில் "சாரி யார்". மறுபடியும் துண்டு.

பாளையங்கோட்டையிலிருந்து தனியாக முதல் பயணம். பார்க்க வேண்டியது: கடல், எலிஃபெண்டா குகைத் தீவுக்குப் படகு, இரானி டீக்கடையில் வெண்ணெய் தடவிய பன் மஸ்கா. தாராவியில் இருக்கும் சித்தப்பாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அங்கேதான் தங்க வேண்டும். ஒரே அறை, ஏற்கெனவே ஏழு பேர். போதாததற்கு, கல்யாணம் எப்போது என்ற கேள்வி. அம்மாவிடம் மட்டும் சொன்னேன், சத்தியம் வாங்கிக்கொண்டு.

பிப். 10, செவ்வாய்

சத்தியம் ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சித்தப்பா போன். வீடு இருக்கும்போது லாட்ஜில் தங்குவதா, ஊரில் என்ன பேசுவார்கள், நாளைக்குச் சித்தி வருவாள், பெட்டியோடு கிளம்பி வா. லாட்ஜ் இல்லை, ஹாஸ்டல் என்றேன். ரெண்டும் ஒன்றுதானாம். அம்மாவோடு போனில் சண்டை. நாளைய படகு போயிற்று.

பிப். 11, புதன்

சித்தி வந்தாள். என் பெட்டி தயார், முகம் உர். ஹாஸ்டலை ஒருமுறை பார்க்கணும் என்றாள். அறைக்குக் கூட்டிப்போனேன். கட்டிலில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டாள், அணைத்தாள்.

"ஏட்டி, இந்தத் திரைய இழுத்துட்டா ஆரும் வரமாட்டாவளா?"

வரக்கூடாது என்றேன்.

"வீட்டுல நான் வாசப்பக்கம் படுக்கேன். ராத்திரி எந்திரிக்கவன் எல்லாம் என்னத் தாண்டித்தான் போவான்."

செருப்பைக் கழற்றினாள், படுத்தாள், திரையை இழுத்தாள். நான் பெட்டியோடு நின்றேன். சாயங்காலம் வரை தூங்கினாள்.

எழுந்து நேராக ரிசப்ஷனுக்குப் போய், தனக்கும் ஒரு நாளைக்குக் கட்டில் வேண்டும் என்று பம்பாய் இந்தியில் கேட்டாள். ஆதாரில் தாராவி முகவரி. "லோக்கல் ஐடி நஹி சலேகா." உள்ளூர் ஐடி செல்லாதாம். இதே ஊரில் வீடு இருப்பவருக்கு இங்கே எதற்குக் கட்டில் என்கிறாள் ரிசப்ஷன் பெண். என்ன சொல்லி விளக்க? நான்தான் கத்தினேன். சித்தி ஆதாரைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள். பகலில் விருந்தாளி வரலாமாம், என் பொறுப்பில்.

வெளியே வந்ததும் சித்தப்பாவுக்குப் போன் போட்டாள். "புள்ளைக்குக் காய்ச்சலு. அலைய வைக்காண்டாம், இங்கயே கிடக்கட்டும். நான் பகல்ல வந்து பாத்துக்கிடுதேன்."

ஆக, எனக்குக் காய்ச்சல்.

பிப். 12, வியாழன்

சித்தி கஞ்சியோடு வந்தாள். கஞ்சி எனக்கு, கட்டில் அவளுக்கு. என் போன், சார்ஜர், தொப்பி எல்லாம் திரைக்கு உள்ளே. எடுக்க மனம் வரவில்லை. தொப்பி இல்லாமல் தாதர் மார்க்கெட்டில் சுற்றினேன். மண்டை பிளக்கும் வெயில். கூட்டத்தில் செருப்பு வார் அறுந்தது. காசு கொடுத்துப் பிடித்த கட்டில், அதில் படுக்க எனக்கு இடமில்லை. திரும்பி வந்து போனை எடுத்தால் அம்மாவின் மிஸ்டு கால்கள். கூப்பிட்டேன், என் காய்ச்சலை நினைத்து அம்மா அழுகை. பொய் என்று சொன்னால் சித்தி மாட்டுவாள். லொக் லொக் என்று இருமி வைத்தேன். காய்ச்சலுக்கு இருமல் எதற்கு, தெரியவில்லை.

சித்தி போகும்போது முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டாள். வேறு ஆள் மாதிரி இருந்தாள். எரிச்சல் பாதி இறங்கியது. பாதிதான்.

பிப். 13, வெள்ளி

கடைசி நாள். சித்தி காலையிலேயே வந்து கட்டிலைப் பிடித்துவிட்டாள். படகுக்குக் கிளம்பி ரிசப்ஷனுக்கு வந்தால் எதிரே சித்தப்பா. கையில் ஹெல்மெட், சாத்துக்குடிப் பை. டாக்டரிடம் கூட்டிப்போக வந்தாராம். என் ஷூவைப் பார்த்தார், தோள் பையைப் பார்த்தார்.

"காய்ச்சல்னாவ?"

இனி இருமிப் பயனில்லை. "எனக்கு ஒண்ணும் இல்ல சித்தப்பா. சித்தி உள்ள தூங்குதாவ. நேத்தும் தூங்குனாவ, முந்தாநாளும்."

சோபாவில் உட்கார்ந்தார். கத்துவார் என்று காத்திருந்தேன். சாத்துக்குடிப் பையை மடியில் வைத்துக்கொண்டார்.

"எழுப்பட்டுமா?" என்றேன்.

"எழுப்பாண்டாம்."

பிறகு மகனுக்குப் போன் போட்டார், குரலைத் தாழ்த்தி. "உங்கம்மா வர லேட்டாவும். குக்கர நீயே வைய்யி."

படகு போயிருக்கும். பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். சாத்துக்குடி உரித்துத் தருகிறார்.