நலம் என்று மட்டும் எழுதாதீர்கள்

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

நீங்களும் மகளும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நான் நலம் என்று எழுத வழியில்லாமல் செய்துவிட்டார்கள். இங்கே நான் வேலை பார்க்கும் சலவை அறையில் காரணமில்லாமல் அழுதேனாம். மேற்பார்வையாளர் அம்மா ஒரு கூட்டத்தில் சேர்த்துவிட்டார். மனசு சரியில்லாதவர்கள் வட்டமாக உட்கார்ந்து பேச வேண்டும். "நல்லா இருக்கேன்" என்று மட்டும் சொல்லக் கூடாது. முன்பின் தெரியாதவர்கள் முன்னால் என்ன ஒப்பாரி என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேற்று அங்கே ஒரு முரட்டு லாரி டிரைவர், "வேலை முடிஞ்சு போனா, ரூம் கதவைத் திறக்கவே பிடிக்கல" என்றார். "எனக்கும்தாங்க" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். நேற்றிரவு அடித்துப் போட்டதுபோல் தூங்கினேன். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேனே என்று அதற்கும் எரிச்சல்.

என் பழைய போர்வையை அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

ஷிப்டுக்கு மணியடித்துவிட்டது. நீங்கள் இரவில் சாப்பிடுவதே இல்லையாமே, மகள் சொன்னாள். பதிலில் நலம் என்று மட்டும் எழுதாதீர்கள்.

உங்களவள்