இளங்கொடி விழுந்த புதன்கிழமை

கோப்பாய்
14.09.1991

அன்பு மகள் குணலட்சுமிக்கு அம்மா எழுதுவித்துக்கொள்வது. இங்கே ஐயா, நான், தம்பி மூவரும் ஏதோ சுகமாய் இருக்கிறோம். அந்தச் சுவீடன் குளிரிலே நீயும் குறைவில்லாமல் இருக்க வைரவர் துணை நிற்பார். அம்மாவின்ரை கண்ணாடி உடைஞ்சு மாதம் இரண்டாச்சு, புதுசு வாறதெண்டால் கொழும்புப் பாதை திறக்கவேணும், அதாலை அவ சொல்ல உன்ரை தம்பி பஞ்சலிங்கம் எழுதிறன். சொல்லிறதை மட்டும் எழுது எண்டு கட்டளை. அது எனக்கு ஏலாதெண்டு உனக்குத் தெரியும்.

முதலில் ஒரு முக்கிய அறிவித்தல், உன்ரை ஆராய்ச்சி எலிகளை விட்டிட்டு எழும்பி நில். போன புதன்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு எங்கடை சிவலைப் பசுவின்ரை இளங்கொடி விழுந்தது. விழுத்தினது அடியேன்.

செவ்வாய் விடியப்புறம் சிவலை நாகுகண்டு போட்டுது. பெட்டைக்கண்டெண்டு அம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனால் கண்டுக்குப் பின்னாலை விழவேண்டிய இளங்கொடி பொழுதுபட்டும் விழேல்லை, நனைஞ்ச கயிறு மாதிரி தொங்கிக்கொண்டு நிண்டுது. கொடி விழாமல் கண்டை மடியிலை விடக்கூடாதெண்டது எங்கடை ஊர்ச் சட்டம், ஆர் எப்ப போட்டதோ தெரியாது. கண்டை அங்காலை பூவரசிலை கட்டிப்போட்டு, பனங்கட்டித் தண்ணியை விரலிலை தொட்டு நக்கக் குடுத்தம். அது என்ரை விரலையே கழட்டப் பாத்துது. புதன் விடிய சிவலை வைக்கோலைத் திரும்பியும் பாக்கேல்லை, உடம்பு அனலாய்க் கொதிச்சுது. மிருகவைத்தியரிட்டை ஓடினால் ஊசிமருந்து வந்து எத்தினை மாதம், பொறுத்துப் பாருங்கோ எண்டிட்டார். பக்கத்துவீட்டுத் தங்கமுத்து மாமி வந்து, தன்ரை மாடும் போன வருசம் இப்படித்தான், நாலாம் நாள் போய்ச் சேந்தது எண்டு ஆறுதல் சொன்னா. தண்ணி இறைக்கிற மெசினுக்கு மண்ணெண்ணெய் இல்லாமல் துலா மிதிக்கிற ஐயா, உதுவும் போனால் இனி ஒரு மாடு எங்காலை எண்டு மட்டும் சொல்லிப்போட்டுத் தோட்டத்துக்குப் போட்டார். அம்மா வைரவருக்கு நேர்த்தி வைக்கப் போனா. காவலுக்கு நான்.

அம்மா திரும்பி வர, கண்டு மடியிலை முட்டி முட்டிக் குடிக்குது. பூவரசங் கம்பை முறிக்கப் போனவவை மறிச்சு நான் ஒரு பிரசங்கம் வைச்சன். அவிட்டு விட்டது நான்தான், அக்கா கடிதத்திலை எழுதினபடி எண்டன். பின்னேரம் முழு விளக்கமும் குடுத்தன்: கருப்பைச் சுவரிலை நூல் நூலாய் நரம்பு ஓடுதாம், அந்த நரம்பு முனையிலை துளித்துளியாய்ச் சில பதார்த்தங்கள் இருக்காம், ஒண்டு சிந்தினால் தசை இறுகும், மற்றது சிந்தினால் இளகும். எலியின்ரை கருப்பைத் துண்டை இளஞ்சூட்டு உப்புத்தண்ணியிலை நூல்கட்டித் தொங்கவிட்டால், இறுகேக்கை பேனை மேலை ஏறிக் கோடு கீறுமாம். கண்டு முலையை இழுக்க மூளைக்குச் செய்தி போய், அங்கையிருந்து இன்னொண்டு இரத்தத்தோடை வந்து கருப்பையைப் பிழியுமாம். காலமை நான் அம்மாவை மறிச்சு ஒரு மணித்தியாலம் ஆகேல்லை, கொடி விழுந்திட்டுது. இப்ப சிவலை தின்னுது, கண்டு துள்ளுது.

இவ்வளவு காலமும் எலி தூக்கிக் கட்டவோ குமர்ப்பிள்ளையைக் கப்பலேத்தினனான் எண்டு புலம்பின அம்மா, இப்ப சங்கக்கடை வரிசையிலை நிண்டு என்ரை மகள் கருப்பை நரம்பு ஆராய்ச்சி எண்டு வகுப்பெடுக்கிறா. லண்டன் மாப்பிள்ளைக்குச் சம்மதம் கேட்டு எழுத இருந்தவ, அதை விடு, படிப்பை முடிக்கச் சொல்லெண்டா. எலி தொட்ட கையோடை சாப்பிடாதை, தலைக்கு எண்ணெய் வை, திருநீறு முடிஞ்சால் எழுது எண்டும் சொல்லச் சொன்னா. எடுத்த காரியம் நிறைவாய் முடிய எங்கள் ஆசி.

உன்னை நினைத்தபடி இருக்கும்
அம்மா ஞானாம்பிகை

அக்கா, இவ்வளவும் அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டியாச்சு. இனி வாறது உனக்கு மட்டும். கண்டை நான் அவிழ்க்கேல்லை. காவலை விட்டிட்டு வாசிகசாலையிலை கரம்போர்ட் விளையாடப் போட்டன். கட்டினதும் நான்தான், என்ரை முடிச்சு அவ்வளவுதான் தாங்கும். ஓடி வர அம்மாவும் வாறா, அடிக்குப் பயந்து உன்ரை கடிதமெண்டு வாயிலை வந்திட்டுது. அந்தக் கடிதம் வந்த அண்டைக்கு நான் அம்மாவுக்கு முதற் பக்கமும் கடைசிப் பக்கமும்தான் வாசிச்சனான். கொடி விழுந்த பிறகு பயத்திலை மிச்சத்தை எடுத்துப் பாத்தால், நாலாம் பக்கத்திலை நீ அப்பிடியே எழுதியிருக்கிறாய். அம்மாவுக்குச் சொன்ன நரம்பு, எலி, பேனை எல்லாம் அதிலை பாடமாக்கிப் பின்னேரம் விட்ட புளுகு. ஒரு நாள் முந்தி வாசிச்சிருந்தால் கண்டு பட்டினி கிடந்திராது. ஊர் வழக்கப்படி ஆலமரத்திலை ஏறி, விழுந்த கொடியைக் கட்டினது மட்டும் சத்தியமாய் நான். ஐப்பசியிலை தங்கமுத்து மாமியின்ரை மற்ற மாடு கண்டு போடுதாம், என்னை வந்து நிக்கட்டாம், டொக்டர்த் தம்பி எண்டு கூப்பிடுறா. கண்டு குடிச்சதாலைதான் விழுந்ததோ, இல்லாட்டி தானாய் விழ இருந்ததோ? கெதியாய் எழுது. இந்தமுறை எல்லாப் பக்கமும் வாசிப்பன்.