நீந்துபூச்சியின் கால்

மார்ச் 4
கண் எரிகிறது. இத்தனை வருஷமாக கார்ட்டூன் கம்பெனியில் மரமும் மேகமும் வரைந்தவளுக்கு முதன்முறையாக ஓர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். வெப்பக் கடலோரத்தில் நீந்தும் பூச்சி. உலகத்தில் இல்லாதது, முழுக்க என் கற்பனை. பின்னங்கால் இரண்டும் துடுப்பு. நடுக்கால்கள் திரும்புவதற்கு. முன்னங்கால்கள், அலை உள்ளே இழுக்கும்போது பாறையைப் பிடித்துக்கொள்ள. இறக்கைக்கடியில் மூச்சுக்கு ஒரு காற்றுக் குமிழ். இதையாவது யாரும் கெடுக்காமல் இருக்க வேண்டும்.

மார்ச் 9
படங்களை அனுப்பியாயிற்று. இடுப்பு விட்டுப்போச்சு.

மார்ச் 10
டைரக்டரிடமிருந்து மெசேஜ்: "பூச்சி பெருசா இருக்கு. கால் குறைச்சிடுங்க."

"எத்தனை சார்?" என்று கேட்டேன்.

"அதான் சொன்னேனே, கால்."

அப்படியென்றால் ஒன்றுகூட வேண்டாமாம். காலில்லாமல் அது என்ன பூச்சி? அலை இழுத்தால் எதைப் பிடிக்கும்? சண்டை போடத் தெம்பில்லை. வீட்டுக்காரர் கேட்டார்: "கடைசியில பூச்சியோட காலையும் வாரிட்டாரா?" சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மார்ச் 15
ஒவ்வொரு காலாக அழித்தேன். முன்னங்காலைக் கடைசிவரை விட்டுவைத்தேன். பதிலுக்கு ஒரு வால் வைத்தேன்; இப்போது அதை வளைத்து நீந்துகிறது. நீந்தத்தான் செய்கிறது, பாவி. அவசரமாம், டிவி சேனலுக்கு நேராக அனுப்பச் சொன்னார்கள். அனுப்பிவிட்டேன்.

மார்ச் 17
டைரக்டர் என் மேஜைக்கே வந்து நின்றார். "கால் எங்கம்மா?"

"நீங்கதானே சார் குறைக்கச் சொன்னீங்க?"

"ஐயோ, சைஸ்ல கால்மா! கால்வாசி! முக்கால் சைஸ் போதும்னேன்!"

பக்கத்து மேஜைக்காரி சிரிப்பை அடக்கமாட்டாமல் எழுந்து போனாள். திட்டு வாங்கியும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். அப்போ கால் போகவில்லை! பழைய படங்கள் பத்திரமாக இருக்கின்றன, சின்னதாக்கித் தந்துவிடுகிறேன் என்றேன்.

மார்ச் 18
சேனல்காரர்களுக்குக் காலில்லாததுதான் பிடித்திருக்கிறதாம். டைரக்டரிடம் கெஞ்சிப் பார்த்தேன்.

"அவங்களே ஓகேன்னுட்டாங்க, நாம ஏன்மா வாயைக் கொடுத்து மாட்டிக்கணும்? உங்களுக்கும் வேலை மிச்சம்."

இந்த மனுஷன் இன்னொரு வார்த்தை சேர்த்து எழுதியிருந்தால் என்ன? நான்தான் ஒரு போன் போட்டுக் கேட்டிருந்தால் என்ன, குறைஞ்சா போயிருப்பேன்? — யாரைச் சொல்லி என்ன.

மார்ச் 19
லீவ். படுத்தே கிடந்தேன்.

டிசம்பர் 2
இன்று டிவியில் வந்தது. சின்னவள் சாப்பாட்டை விட்டுவிட்டுக் கத்தினாள்: "அம்மா, ஓடி வா! மீனு எவ்ளோ அழகா நீந்துது பாரு!"

மீன் இல்லடி என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆமாடி, மீன்தான்" என்றேன். "சாப்பிடு."